நம்ம வீட்டுச் சுவருக்கு என்ன நிறம்?

(அவிநாசியில் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



வீட்டு வெளிச்சுவருக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்னால் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும். பஞ்சமி நிலம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, டீக்கடைக் குவளை இருக்கிறது. 2018இல் இதே அவிநாசி வட்டத்தில், சேவூர் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டு வந்து தடுத்த கதை இருக்கிறது. இத்தனையும் இருக்க, இவன் பெயிண்ட் டப்பாவோடு வந்து நிற்கிறானே என்று தோன்றலாம். நான் பதினெட்டு வருஷம் சாரத்தில் நின்று அடுத்தவன் சுவருக்கு நிறம் பூசியவன். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நான் பேச முடியும்?

இதைப் பேச வேண்டிவந்ததற்கு ஒரு தகராறுதான் காரணம். பொங்கல் வருகிறது. வளவில் இருக்கிற நாற்பது சொச்சம் வீட்டுக்கும் ஒரே நீலம் அடித்துவிட வேண்டும் என்று நம்ம பசங்கள் முடிவு செய்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலும் ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டிலிருக்கிற பெண்கள் பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். ஊரைவிட்டு வெளியே லேஅவுட்டில் வீடு கட்டிப்போன நம்ம வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள், “நீலம் மட்டும் வேண்டவே வேண்டாம், சந்தன நிறம் அடிச்சுக் கொடுங்க தம்பி” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மூன்று தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஒரு அரசன், வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குப் போட்ட ஆணை. அவனுடைய 15ஆவது ஆட்சியாண்டு ஆடி மாதத்திலிருந்து அவர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. கோவைப் பேரூரிலும் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியிலும் இதே சங்கதி வெட்டப்பட்டிருக்கிறது. நம்ம கொங்கு மண்ணில்தான். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கதை.

இதைச் சலுகை என்று பாடம் நடத்துவார்கள். நீங்கள் திருப்பிப் படியுங்கள். அந்த ஆடி மாதத்துக்கு முன்னால்? கோயிலுக்குக் கல் செதுக்கியவன், சாமிக்கு விக்கிரகம் வார்த்தவன், ஊரான் வீட்டுக்கு உத்தரம் இழைத்தவன், தன் வீட்டுச் சுவரில் ஒரு கரண்டிச் சாந்து தேய்க்க முடியாது. அதற்கு ராஜா கையெழுத்து வேண்டியிருந்தது. கம்மாளர்கள் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் நிலைமையே இப்படி என்றால், அவர்களுக்கும் கீழே அழுத்தப்பட்டவர்களுக்கு எந்தக் கல்லில் எவன் ஆணை வெட்டினான்? நான் கேள்விப்பட்டதில்லை. நமக்குச் சாந்தும் கிடையாது, சாந்து கிடையாது என்று எழுதிவைத்த கல்லும் கிடையாது. எழுதாமலே நடந்த சட்டம் அது.

அம்பேத்கர் இதைப் பட்டியலே போட்டிருக்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் ஓடு வேய்ந்த வீடு கட்டுவது குற்றம், சுத்தமான துணி உடுத்துவது குற்றம், செருப்பும் கடிகாரமும் போடுவது குற்றம். கிராமத்தின் குற்றவியல் சட்டம் அவர் கண்ணில் அப்படித்தான் பட்டது. கவனியுங்கள், வீடு இருப்பது குற்றமில்லை. வீடு பார்வைக்கு நன்றாக இருப்பதுதான் குற்றம். நம்ம ஆள் குடியிருக்கலாம், ஆனால் குடியிருப்பது கண்ணில் படக் கூடாது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பவர்களுக்கு ரெண்டு ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்த டி.வி.யையும் பீரோவையும் போலீஸ்காரர்களே அடித்து நொறுக்கினார்கள். 2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. பெங்களூருக்குப் போய்க் கொத்துவேலை செய்து, வயிற்றைக் கட்டிக் கட்டின வீடுகள். இருநூற்றைம்பதுக்கும் மேலே எரித்தார்கள். ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்துத்தான் செய்தார்கள், ஆனால் கை போனது பீரோவுக்கும் பைக்குக்கும் சுவருக்கும். தோழர்களே, சுவரில் பெயிண்ட் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

கொங்கில் நம்ம ஆயாக்கள் காலத்தில் வீடு என்றால் மண் சுவர், சாணி மெழுகின வாசல், கீழே ஒரு முழத்துக்குச் செம்மண். தை பிறக்கும் முன்னால் தோட்டத்துக்காரர் வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் வெள்ளையடிக்க நம்ம ஆள்தான் போக வேண்டும். சுண்ணாம்பு நீத்து, சாக்கில் வடிகட்டி, கஞ்சித்தண்ணி கலந்து, மட்டையால் அடிக்க வேண்டும். கை வெந்துபோகும். மிச்ச சுண்ணாம்பைத் தொட்டியில் வழித்துக்கொண்டு வந்து, பூளைப்பூவும் வேப்பிலையும் காப்புக் கட்டுகிற அன்றைக்குத் தன் வீட்டு முன்சுவரில் மட்டும் ஒரு பூச்சு. மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் நம்ம சுவரின் வெள்ளை. ஒரு தொழில் ரகசியமும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலப்பொடி ஒரு சிட்டிகை போட்டால்தான் சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பெரிய வீட்டு வெள்ளைக்குள்ளேயும் நீலம் இருந்தது. நாம்தான் கலந்துவிட்டு வந்தோம்.

அப்புறம் அரசாங்கம் தொகுப்பு வீடு கொடுத்தது. கொடுத்ததோடு விட்டதா? முன்சுவரில் கட்டம் போட்டு, திட்டத்தின் பெயர், பயனாளி பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை என்று எழுதிவிட்டுப் போனது. நானே கூலிக்கு எழுதியிருக்கிறேன். நம்ம வீட்டுக்கு எவ்வளவு செலவானது என்று ரோட்டில் போகிறவன் எல்லாம் படிக்கிறான். தோட்டத்து மோட்டாருக்கு 1990லிருந்து கரண்ட் இலவசம். விவசாயிக்கு அது வேண்டியதுதான், நான் எதிர்ப்பவன் இல்லை. ஆனால் எந்தப் பம்புசெட் ரூம் சுவரிலாவது “பயனாளி” என்று பெயரும் தொகையும் எழுதியிருக்கிறதா? ராஜஸ்தானில் தௌசா மாவட்டத்தில் 2017இல் இதைவிடக் கேவலமாகச் செய்தார்கள். ரேஷன் வாங்குகிற வீட்டுச் சுவரில் மஞ்சள் பட்டை அடித்து, நான் ஏழை, மானியத்தில் ரேஷன் வாங்குகிறேன் என்று எழுதிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில். சுவர் உன்னுடையது, எழுத்து என்னுடையது என்கிற திமிர் இது.

இப்போது நீலத்துக்கு வருவோம். 1942இல் நாகபுரியில் அம்பேத்கர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷன் கொடி நீலம். 1957இல் வந்த குடியரசுக் கட்சிக்கும் நீலம். (ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனி பம்பாயில் தொடங்கினதும் அதே 1942தான். சம்பந்தம் ஒன்றுமில்லை, பெயிண்டர் புத்தி, சொல்லிவைத்தேன்.) ஊர் ஊருக்குச் சிலையில் அவர் போட்டிருக்கிற கோட்டும் நீலம்தான். தமிழ்நாட்டில் அந்தச் சிலைக்கு இரும்புக் கூண்டு வேறு. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் பதாயூன் பக்கம், உடைக்கப்பட்ட சிலைக்குப் பதிலாக வைத்த புதுச் சிலை காவி நிறக் கோட்டோடு வந்து நின்றது. கூச்சல் கிளம்பியதும் மறுபடி நீலம் அடித்தார்கள். ஒரு கோட்டுப் பெயிண்டுக்காக ஒரு மாநிலமே பேசியது. ஆக நிறத்துக்கு அரசியல் இல்லை என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

அதே சமயம் நிறத்துக்குச் சாதி இரத்தத்தில் ஊறியது கிடையாது என்பதையும் பாருங்கள். ஜோத்பூரில் பழைய நகரம் முழுக்க நீல வீடு. அங்கே அது பார்ப்பனர் வீட்டு அடையாளமாக இருந்தது என்று சொல்கிறார்கள். அங்கே மேலே இருந்தவனுக்கு நீலம், இங்கே கீழே வைக்கப்பட்டவனின் எழுச்சிக்கு நீலம். நிறம் ஒன்றுதான், பிடித்திருக்கிற கை வேறு.

நம்ம பசங்கள் சொல்வது இதைத்தான். “அண்ணா, இத்தனை நாள் ஒளிஞ்சு கிடந்தோம். பஸ்ஸில போறவன் ஜன்னல் வழியாப் பாத்தாலே தெரியோணும், இது அம்பேத்கர் புள்ளைங்க வளவுன்னு.” இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. சந்தன நிறம் கேட்கிற வாத்தியாரைக் கோழை என்று திட்டுகிறார்கள் பாருங்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் என்ன செய்வார்? லேஅவுட்டில் நாற்பது வீட்டுக்கு நடுவே ஒரு வீடு. மேல்மாடியை வாடகைக்கு விட்டுத்தான் வங்கித் தவணை கட்ட வேண்டும். வீட்டு ஓனர் என்ன ஆள் என்று தெரிந்தால் குடிவர யோசிக்கிற ஊர் இது. பக்கத்து வீட்டம்மா தண்ணீர்க் குடத்தை நகர்த்திவைத்துக்கொள்கிற ஊர். மேட்டுப்பாளையம் நடூரில் இருபதடி உயரச் சுற்றுச்சுவர் 2019 டிசம்பர் 2 விடியக்காலையில் நம்ம மக்கள் பதினேழு பேர் மேல் விழுந்ததே, அது எதற்காக அவ்வளவு உயரம் எழுந்தது? நம்மை மறைக்கத்தான் என்று அந்தத் தெருச் சனங்கள் சொன்னார்கள். இங்கே சேவூரிலேயே வழியை மறித்து நின்ற ஒரு சுவரில் 2024இல்தான் ஒரு பகுதியை இடித்தார்கள். இப்படிச் சுவர் எழுப்புகிறவன் இருக்கிற இடத்தில், நம்ம ஆள் சந்தன நிறத்துக்குள் பதுங்குகிறார் என்றால் குற்றம் சந்தன நிறத்தின் மேலா? அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளியே எதையும் அடித்துக்கொள்ளுங்கள், உள்ளே பிள்ளைகளுக்கு நீங்கள் யார் என்று சொல்லியிருக்கிறீர்களா?

பசங்களிடம் எனக்குள்ள சண்டை வேறு. நாற்பது வீட்டுக்கும் ஒரே நீலம் என்றால் என்ன ஆகும்? தெற்கே சில ஊர்களில் கரண்ட் கம்பம், தண்ணீர்த் தொட்டி, பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் சாதிச் சாதியாக நிறம் பூசிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் நிறக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். 2019இலேயே கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினபிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையிலும் அந்தக் கயிறு கூடாது என்றே இருக்கிறது. அயர்லாந்தின் வடக்கே பெல்பாஸ்ட் நகரத்தில் ரோட்டோரக் கல்லுக்குக்கூட ஒரு தெருவில் சிவப்பு வெள்ளை நீலம், அடுத்த தெருவில் பச்சை வெள்ளை ஆரஞ்சு. அந்தக் கல்லைத் தாண்டினால் நீ எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும்.

உடனே கேட்பீர்கள், அவனுடைய சாதி நிறமும் நம்ம நீலமும் ஒன்றா அண்ணா? ஒன்றில்லை. அவன் நிறம் சாதியைக் காப்பாற்ற, நம்ம நிறம் சாதியை ஒழிக்க. ஆனால் வளவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் மட்டும் நீலம் அடித்து, அங்கே நிறுத்தினால், ஊர்க்காரன் அதை எப்படிப் படிப்பான்? “இங்கிருந்து அவங்க எல்லை” என்று படிப்பான். அவன் இத்தனை நூற்றாண்டாகக் கீறிவைத்திருக்கிற கோட்டின் மேலேயே நாம் நம்ம காசில் பெயிண்ட் அடித்துக் கொடுத்ததாக ஆகும்.

இன்னொன்று. வீட்டுக்காரியைக் கேட்டீர்களா? போன வாரம் ஒரு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கரட்டாங்காட்டில் கல் உடைத்து, பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டி, சீட்டுப் போட்டுக் கட்டின ரெண்டு ரூம் வீடு. பசங்கள் போய், “ஆயா, உன்ற வூட்டுக்கும் நீலந்தான்”னு சொல்லியிருக்கிறார்கள். ஆயா கேட்டதாம்: “ஏஞ்சாமி, அந்தக் காலத்துல கவுண்டச்சி மிச்சம் வெச்ச வெள்ளைய அடிச்சோம். அப்பறம் கவுருமெண்டு அடிச்சுக் குடுத்தத ஒத்துக்கிட்டோம். இப்ப நீங்க ஒண்ணு சொல்றீங்க. எனக்கு ரோசு புடிக்கும். அது எப்பத்தான் அடிக்கறது?”

இதற்கு மேல் நான் என்ன பேச? தோழர்களே, கரூர்க் கல்வெட்டில் மறுக்கப்பட்டிருந்தது சாந்து மட்டுமில்லை, என் சுவரை நான் எப்படி வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்வது. அந்த முடிவு ஆயாவுக்கு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. இயக்கத்தின் பேரால் அதை நாம் வாங்கிக்கொள்ளலாமா? 1997இல் வந்த சமத்துவபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வீடு, அதில் நாற்பது நமக்கு, ஐம்பது பிற்பட்டோருக்கும் மிகப் பிற்பட்டோருக்கும் சரிபாதி, பத்து மற்றவர்களுக்கு. கலந்து குடியமர்த்தினது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரே அச்சில் வீடு கட்டினால் சமத்துவம் வந்துவிடும் என்று நினைத்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல். யாருக்கு ரோஸ் பிடிக்கும், யாருக்குக் கிளிப்பச்சை பிடிக்கும் என்று கேட்கப்படுவதும் சமத்துவம்தான். ஆண்கள் பெரும்பாலும் இதைப் பேசமாட்டார்கள். வீட்டை மெழுகிக் கூட்டி வைத்திருக்கிற பெண்களுக்குத்தான் தெரியும்.

தொழில்காரனாக நாலு வார்த்தை. அடர் நீலம் வெயிலைக் குடிக்கும். இருபதுக்குப் பதினைந்து அடி வீடு, மேலே காங்கிரீட், மேற்குச் சுவருக்கும் அடர் நீலம் அடித்தால் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனலாக இருக்கும். உள்ளே படுக்கிறது கைக்குழந்தையும் கிழவியும். மேற்கிலும் மொட்டைமாடியிலும் வெள்ளையோ வெளிர் நிறமோதான் அடிக்க வேண்டும். நீலம்தான் வேண்டும் என்றால் வாசல்பக்கம் ஒரு பட்டை, நிலவுக்கு ரெண்டு பக்கம், ஜன்னல் சட்டம் போதும். சுண்ணாம்பில் கலக்குவதானால் துணி நீலம், அதாவது அல்ட்ராமரைன், தாங்கும். பிரஷ்ய நீலம் சுண்ணாம்புக் காரத்தில் பழுப்பாகிப் போகும், கடைக்காரன் தள்ளிவிடப் பார்ப்பான், ஏமாறாதீர்கள். புதுசாகப் பூசின சிமெண்டுச் சுவர் குறைந்தது நாலு வாரம் காய வேண்டும். பொங்கலுக்குள் முடிக்கிறேன் என்று பச்சைச் சுவரில் அடித்தால் சுவர் உப்புப் பூத்துத் தோல் தோலாக உரியும். அப்புறம் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பிரயோசனமில்லை. பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள் மூக்கில் துணி கட்டுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்காரன் சட்டைக்கு நிறம் ஏற்றி, நொய்யலை நிறம் நிறமாக ஓடவிட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது முதலில் வேலையில்லாமல் நின்றது யார்? சாயத் தொட்டிக்குள் கைவிட்ட நம்ம ஆட்கள்தான்.

அதனால் என் யோசனை இது. வசூல் பண்ணின காசை வீட்டு வீட்டுக்கு நீலத்தில் போடாதீர்கள். படிப்பகத்துக்குப் போடுங்கள். உள்ளேயும் வெளியேயும் நல்ல அடர் நீலமாக, ரெண்டு கோட்டு, பிரைமரோடு அடிப்போம். அது எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடம். ஊர்ப் பிள்ளையும் ஒருநாள் வந்து உட்காரட்டும். வீடுகளை அவரவரிடம் விடுங்கள். பத்து வீடு தானாக நீலம் கேட்கும், எனக்குத் தெரியும். அந்தப் பத்துக்கு நாமே இலவசமாக அடித்துக் கொடுப்போம். ரோஸ் கேட்கிற வீட்டுக்கும் இலவசமாகவே அடித்துக் கொடுப்போம். கூலி கேட்கமாட்டேன், டீ மட்டும் வேண்டும்.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கை கேட்டது: “அண்ணா, தொகுப்பு வீட்டுச் சுவர்ல எழுதியிருக்கற பயனாளி எழுத்த அழிக்கலாமா?” தவணைப் பணம் முழுசும் வந்து, அதிகாரி வந்து போட்டோ எடுத்துப் போகிறவரை அதைத் தொடாதீங்கம்மா, இல்லாவிட்டால் பில்லை நிறுத்திவிடுவான். அதுக்கப்புறம் ஒரு கோட்டு பிரைமர் போட்டு மேலே அடித்துவிடலாம். திட்டம், தொகை, ஆண்டு எல்லாம் போகட்டும். பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னால் பெயரை நான் புதுசாக எழுதித் தருகிறேன். பெரும்பாலும் பட்டா அம்மா பேரில்தான் இருக்கும். எந்த நிறத்தில் எழுத வேண்டும் என்று அவரையே கேட்டுக்கொண்டு வாங்க.